பள்ளிக்கூடம் போகும் வழி: ஒரு சின்ன வரலாறு

ஒரு குழந்தை காலையில் வீட்டு வாசலை விட்டு இறங்கியதிலிருந்து பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழையும் வரை யாருடைய பொறுப்பு?

வகுப்புக்குள் வந்துவிட்டால் கல்வித்துறை பார்த்துக்கொள்ளும். தடுப்பூசி, கண் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் சுகாதாரத்துறை. ரோடு நெடுஞ்சாலைத்துறைக்குச் சொந்தம். ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ். வண்டி மோதினால் போலீஸ். ஆனால் அந்த ரோட்டோரமாகப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போகிறதே ஒரு பிள்ளை, அந்த அரை மணி நேரத்துக்கு எந்தத் துறையின் பெயரும் கிடையாது.

உலகத்தில் சில நாடுகளில் இந்தக் கேள்வியைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களும் டாக்டர்களும் எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டிலும் இதற்குப் பாதி பதில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பாதி எப்படி வந்தது, மீதி ஏன் வரவில்லை என்று பார்க்கலாம்.

மைல் கணக்கு

முதலில் தூரம்தான் பிரச்னையாக இருந்தது. ரோட்டில் வண்டியே இல்லாத காலத்தில், பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் இருந்ததால்தான் பிள்ளைகள் படிக்கவில்லை. 1954ல் முதல்வரான காமராஜரின் ஆட்சி இதைக் கையில் எடுத்தது. 300 பேர் வாழும் ஊருக்கும் ஒரு மைல் தூரத்துக்குள் தொடக்கப்பள்ளி என்பது அன்றைய இலக்கு. பசித்த வயிற்றோடு நடந்து வரும் பிள்ளைக்கு மதிய உணவும் அதே காலத்தில் வந்தது.

இன்று பார்த்தால் அந்த "ஒரு மைல்" ஒரு அருமையான அளவு. ஆறு வயதுப் பிள்ளை அரை மணிக்குள் நடந்துவிடக்கூடிய தூரம். 2009ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் மாதிரி விதிகளும் இதே வழியில்தான் போயின. 5ஆம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், 8ஆம் வகுப்பு வரை 3 கிலோமீட்டர் என்று அவை சொல்கின்றன. ஆக, சட்டமே பிள்ளை நடந்து வரும் என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறது. எதன் மேல் நடக்கும் என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

சைக்கிள் வந்த கதை

தொடக்கப்பள்ளி பக்கத்தில் வந்துவிட்டது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் அப்போதும் தூரத்தில்தான். எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்போடு பெண் பிள்ளைகள் நின்றுபோனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இங்கேதான் புதுக்கோட்டை வருகிறது. 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். குவாரியில் கல் உடைத்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், பள்ளி மாணவிகள் என்று பல ஆயிரம் பேர் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்களாம்! பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிய பிறகு இந்தக் கதை உலகம் முழுக்கத் தெரிந்தது.

பத்து வருடம் கழித்து, 2001-02 கல்வியாண்டில், தமிழக அரசு இலவச சைக்கிள் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 11, 12ஆம் வகுப்பு படிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவிகளுக்கு மட்டும். பிறகு மற்ற மாணவிகளுக்கும் விரிந்தது. 2005-06ல் பையன்களுக்கும் வந்துவிட்டது.

இதே யோசனையை 2006ல் பீகார் எடுத்துக்கொண்டது. அங்கே 9ஆம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். அதன் பலனை கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். அந்த வயதுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று 2017ல் வெளியான அவர்களுடைய கட்டுரை சொல்கிறது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

ஆக, பள்ளிக்கூடத்தைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாயிற்று. அதற்கு மேலும் தூரம் இருந்தால் சைக்கிளும் கொடுத்தாயிற்று. இது பாதி பதில்.

ரோடு மாறிய கதை

மீதிப் பாதியைப் பார்க்க திருப்பூர் மாவட்டத்தை விட நல்ல இடம் கிடைக்காது. அதிலும் சேவூர் மாதிரி ஒரு ஊர்.

அவிநாசிக்கு வடக்கே இருக்கிறது சேவூர். பழைய வாலீஸ்வரர் கோயில் உள்ள ஊர். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நடக்கும் நிலக்கடலை ஏலத்தால் சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். அவிநாசி, புளியம்பட்டி, கோபி என்று பல பக்கமும் ரோடு பிரிகிறது. சுற்றியுள்ள தண்டுக்காரன்பாளையம், பாப்பாங்குளம், முறியாண்டம்பாளையம், போத்தம்பாளையம் போன்ற ஊர்களுக்கும் சேவூர்தான் கடைவீதி. மேல்நிலைப் பள்ளியும் இங்கே இருக்கிறது.

ஒரு காலத்தில் இந்த ரோடுகளில் மாட்டு வண்டியும் சைக்கிளும் டவுன் பஸ்ஸும்தான். 1970களின் கடைசியில் திருப்பூர் பனியன் நேரடியாக வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்தது. 1980களின் நடுவில் சில பத்து கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, இப்போது வருடத்துக்கு முப்பதாயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. அந்தப் பணம் ரோட்டு மேல்தான் ஓடுகிறது. நூல் மூட்டை ஏற்றிய லாரி, சாயப்பட்டறைக்குத் துணி கொண்டுபோகும் டெம்போ, ஊர் ஊராகப் போய் ஆள் ஏற்றும் கம்பெனி வேன், வேலைக்குப் பறக்கும் மொபெட்டும் பைக்கும்.

இதில் நேரத்தைக் கவனிக்க வேண்டும். கம்பெனி சங்கு ஊதும் நேரமும் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை, ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பறக்கும் வேனும், தலையைச் சீவிப் பூ வைத்துக்கொண்டு சைக்கிளில் வரும் மாணவியும் ஒரே தார் ரோட்டில் இருக்கிறார்கள். ரோட்டை அகலப்படுத்தினால் வண்டி இன்னும் வேகமாகப் போகும். ஓரத்தில் மண் இறங்கிப் பள்ளமாக இருந்தால் சைக்கிள் தாரின் மேல்தான் வந்தாக வேண்டும்.

2001ல் சைக்கிள் கொடுத்த அரசும், அதற்குப் பிறகு ரோட்டை அகலப்படுத்திய அரசும் ஒன்றுதான். ஆனால் இரண்டு வேலையும் தனித்தனி ஃபைலில் நடந்தன.

விபத்து ஒரு நோயா?

"விதி", "கெட்ட நேரம்", "பிள்ளை பார்த்துப் போயிருக்கணும்". ஒரு விபத்து நடந்ததும் நம் ஊரில் சொல்லும் மூன்று வாசகங்கள் இவை. ஒரு காலத்தில் காலராவைப் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள். 1854ல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற டாக்டர், காலராவில் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, எல்லாம் ஒரே குழாயைச் சுற்றி இருப்பதைக் காட்டினார். குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பொது சுகாதாரம் என்ற துறையின் அடிப்படைப் பாடமே இதுதான். நோயாளியைத் திட்டிப் பயனில்லை, குழாயைப் பார்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1939ல் வந்த சென்னை பொது சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே முதல் முழுமையான பொது சுகாதாரச் சட்டம். குடிநீர், சாக்கடை, தொற்றுநோய் எல்லாம் அதில் உண்டு. 2004 ஜூலை 16ல் கும்பகோணத்தில் தீயில் 94 குழந்தைகள் இறந்தபோதும் அரசு சரியாகத்தான் யோசித்தது. "தீ பிடித்தால் எப்படி ஓடுவது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததோடு நிறுத்தவில்லை. பள்ளிகளின் கீற்றுக் கூரைகளையே அகற்றச் சொன்னது.

ரோட்டுக்கும் இதே யோசனை பொருந்தும் என்று முதலில் சொன்னவர்களும் மருத்துவ உலகத்து ஆட்கள்தான். 1949ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் கார்டன், தொற்றுநோயை ஆராய்வது போலவே விபத்தையும் ஆராயலாம் என்று எழுதினார். பிறகு வில்லியம் ஹேடன் என்ற டாக்டர் வந்தார். மோதுவதற்கு முன், மோதும் நேரம், மோதிய பின் என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் மனிதன், வண்டி, சூழல் என்று மூன்று காரணம். இப்படி ஒரு கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் கை வைத்தால் உயிர் பிழைக்கும் என்று யோசிக்கச் சொன்னார். 1966ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவராக அவரையே போட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 7 உலக சுகாதார தினத்தைச் சாலைப் பாதுகாப்புக்கே ஒதுக்கியது. இன்று 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு உலக அளவில் முதல் காரணம் சாலை விபத்து என்கிறது அதே நிறுவனம். மலேரியாவோ எய்ட்ஸோ அல்ல!

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1953ல் ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களை விட, படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடலை அசைப்பது மருந்து என்ற ஆராய்ச்சி அங்கிருந்துதான் கிளம்பியது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது இப்போதைய பரிந்துரை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நடக்கும் பிள்ளைக்கு அந்த 60 நிமிடம் செலவில்லாமல் கிடைக்கிறது.

ஆகவே சுகாதாரத்துறைக்கு இதில் இரட்டை வேலை. பிள்ளை நடக்கவும் வேண்டும், உயிரோடு போய்ச் சேரவும் வேண்டும்.

மூன்று நாடுகள், மூன்று பாடம்

நெதர்லாந்து என்றாலே சைக்கிள் நாடு என்று நினைப்பு வரும். அது எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1971ல் அந்தச் சின்ன நாட்டில் சுமார் 3,300 பேர் சாலையில் இறந்தார்கள். அதில் 400க்கும் மேல் குழந்தைகள். சைக்கிளில் பள்ளிக்குப் போன தன் மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் 1972ல் ஒரு கட்டுரை எழுதினார். "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்பதே அதிலிருந்து பிறந்த இயக்கத்தின் பெயர். விபத்து என்ற வார்த்தையையே அவர்கள் ஏற்கவில்லை. பெற்றோர்கள் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். 1973ல் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. தனிச் சைக்கிள் பாதைகள் வந்தன, குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைக்கப்பட்டது. இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை நானூறிலிருந்து சில பத்துகளாக இறங்கியது. பக்கத்து டென்மார்க்கில் ஒடென்ஸே நகரமும் 1970களில் பள்ளிக்கு வரும் வழிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்யத் தொடங்கியது.

இங்கிலாந்தின் பாடம் வேறு மாதிரி. 1971ல் அங்கே 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990ல் வெறும் 9 சதவீதம்! அந்த இருபது வருடத்தில் சாலையில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. ரோடு பாதுகாப்பாகிவிட்டது என்று அரசு மகிழ்ந்தது. மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய நண்பர்களும் 1990ல் அதைக் கேள்வி கேட்டார்கள். ரோடு பத்திரமாகவில்லை, பிள்ளைகளை ரோட்டிலிருந்து விலக்கிவிட்டீர்கள் என்றார்கள். புலிக்குப் பயந்து யாரும் காட்டுக்குப் போகாவிட்டால் புலி சைவமாகிவிட்டதாக அர்த்தமா?

அமெரிக்காவில் 1969ல் 48 சதவீதப் பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009ல் 13 சதவீதம். அங்குள்ள நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. குழந்தைகளின் உடல் பருமனைப் பார்த்துப் பயந்து, நடந்து பள்ளிக்குப் போகும் திட்டத்தை முன்வைத்தது. 2005ல் நாடாளுமன்றம் இதற்காக 61 கோடி டாலர் ஒதுக்கியது. நியூயார்க்கில் இந்தப் பணத்தில் நடைபாதை, வேகத்தடை, சிக்னல் நேரம் மாற்றிய பகுதிகளில், பள்ளி நேரத்தில் நடந்து போகும் பிள்ளைகள் அடிபடுவது 44 சதவீதம் குறைந்ததாக 2013ல் வந்த ஆய்வு சொல்கிறது.

கோவையிலிருந்து ஒரு டாக்டர்

இந்தியாவில் இந்த வழக்கை நிஜமாகவே கோர்ட்டுக்குக் கொண்டுபோனவரும் ஒரு டாக்டர்தான். அதுவும் சேவூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்! கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார். சாலை விபத்துகளில் நொறுங்கிய எலும்புகளை ஒட்டவைப்பதே வேலையாக இருந்தவர், ஒட்டவைப்பதற்கு முன்னால் நடப்பதைத் தடுக்கச் சொல்லிப் போனார்.

2014ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2017 நவம்பர் 30ல் நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா தீர்ப்பில் பல உத்தரவுகள் வந்தன. மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு, ரோடுகளைத் தணிக்கை செய்வது, பள்ளிப் பாடத்தில் சாலைப் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. அதே வழக்கில் 2025 அக்டோபரில், நடப்பவர்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் ஆறு மாதத்துக்குள் விதிகளை வகுக்கும்படி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதற்கிடையே தமிழ்நாடு பஸ் பக்கம் மட்டும் வேகமாக நகர்ந்தது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். மாநிலமே அதிர்ந்தது. உயர் நீதிமன்றம் தானாகவே விசாரித்தது. அதே வருடம் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர், பள்ளி திறக்கும் முன் ஆய்வு எல்லாம் வந்தன. நல்ல காரியம். ஆனால் பஸ்ஸுக்குக் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை நடந்தும் சைக்கிளிலும்தான் வருகிறது. அந்தப் பிள்ளைக்கென்று அப்படி ஒரு தனி விதித் தொகுப்பு வரவில்லை.

மோதிய பிறகு நடப்பதிலும் தமிழ்நாடு நன்றாகவே செய்கிறது. 2008ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பர் 18ல் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் தொடங்கியது. முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். ஹேடனின் கட்டத்தில் இது மூன்றாவது கட்டம். முதல் கட்டமான "மோதுவதற்கு முன்" இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. 2022ல் தமிழ்நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 17,884 பேர். அதே வருடம் இந்தியா முழுக்க இறந்தவர்களில் 18 வயதுக்குட்பட்டவர்கள் 9,528 பேர். அதில் எத்தனை பேர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை அந்தக் கணக்கு சொல்வதில்லை.

மறுபடியும் சேவூர்

சேவூர் மாதிரி ஊரில் என்ன செய்ய முடியும்? கோடிக்கணக்கில் பணம் வேண்டிய வேலை இல்லை.

ஜான் ஸ்நோ செய்ததுதான் முதல் வேலை, வரைபடம். எந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் நடந்து வருகிறார்கள், எத்தனை பேர் சைக்கிள், எந்த இடத்தில் ரோட்டைக் கடக்கிறார்கள், எங்கே ஏற்கெனவே அடிபட்டிருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியருக்கு வீடு வீடாகத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காயத்தோடு வந்தவர்களின் பதிவேடு இருக்கிறது. பள்ளியில் வருகைப் பதிவேடு இருக்கிறது. மூன்றையும் ஒரே மேஜையில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. டெங்கு வந்தால் தெரு வாரியாகக் கணக்கு எடுக்கும் துறைக்கு இது கஷ்டமே இல்லை.

அடுத்தது வேகம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி மோதினால் நடப்பவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். 50ஐத் தாண்டினால் அந்த வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய நாடுகள், நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் 30 கிலோமீட்டர் என்று ஒப்புக்கொண்டன. பள்ளிக்கூடம் இருக்கும் ரோட்டில் காலையும் மாலையும் இரண்டு மணி நேரம் அதை அமல்படுத்தினால் போதும். பெயின்ட் அடித்த, வெளிச்சம் உள்ள வேகத்தடை, தார் ஓரத்துக்குச் சமமாக மண் நிரப்பிய விளிம்பு, கம்பெனி வேன்கள் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவதற்கு ஒரு ஒப்பந்தம். வெளிநாட்டு பையர் கேட்டால் கம்பெனிக்குள் தீயணைப்புக் கருவி வைக்கும் முதலாளிகள், கம்பெனி வேனின் வேகத்தைக் குறைக்க மாட்டார்களா?

இன்னொன்று. சைக்கிள் 11ஆம் வகுப்பில் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பில் ஊரை விட்டு அடுத்த ஊருக்குப் படிக்க வரும் பதினோரு வயதுப் பிள்ளை ஐந்து வருடம் நடந்த பிறகு! பீகார் மாதிரி கொஞ்சம் முன்னதாகவே கொடுக்கலாம்.

இதெல்லாம் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்துக் கதை இருக்கிறது. வசதியுள்ள வீடுகள் வேனுக்கு மாறும். சைக்கிள் திண்ணையில் துருப்பிடிக்கும், அல்லது பாதி விலைக்குப் போகும். ரோட்டில் மிஞ்சுவது வேனுக்குக் கட்ட முடியாதவர்களின் பிள்ளைகள் மட்டும். ஒருநாள் விபத்துக் கணக்கு குறையவும் செய்யும். ஆனால் ரோடு அப்படியே இருக்கும்.

காமராஜர் காலத்தில் ஒரு மைலுக்குள் பள்ளி என்றார்கள். அடுத்த தலைமுறை சைக்கிள் கொடுத்தது. அந்த ஒரு மைல் ரோட்டைச் சரிசெய்வது இந்தத் தலைமுறையின் பங்கு.